சாம்பல் பிளாட்பாரம்

இந்த ஊர் ஸ்டேஷனின் முதல் பிளாட்பாரத்தை நான் தலையில் சுமந்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் கூடை வைத்து, கழுத்து வலிக்க வலிக்கச் சுமந்தேன்.

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்காரும் நம் செட்டில் போன வாரம் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பேங்கிலிருந்து ரிடையரான சார் சிரித்துவிட்டார். "பிளாட்பாரத்த ரயில்வேதானே போடும், மேடம்?" என்றார். பல்லாவரத்தில் டீச்சராக இருந்த அக்கா, "விடுங்க சார், வயசானா எல்லாத்தையும் நாமதான் செஞ்ச மாதிரி தோணும்" என்று என் சார்பில் சமாதானம் சொன்னார். அதற்குள் சர்க்கரை மாத்திரைக்கு நேரமாகிவிட்டது, ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது இதில் எனக்கொரு வசதி.

நாம் உட்காருகிற பெஞ்சுக்குக் கீழேதான் மில்லின் நூற்பு ஹால் இருந்தது. நம் அபார்ட்மெண்டின் நாலு பிளாக், நீச்சல் குளம், நீங்கள் யோகா செய்கிற ஹால் எல்லாம் சேர்ந்தால் மில் வரும். பின்பக்கச் சுவரை ஒட்டி இப்போது சூப்பர் மார்க்கெட் இருக்கிறதே, அங்கே தொழிலாளர் லைன் வீடுகள். ஓடு போட்ட ஒற்றை அறை வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டியபடி. அதில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். அம்மா ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிறவள். அப்பா ஸ்பின்னிங்கில் மேஸ்திரி. லைனில் எல்லாப் பிள்ளைகளையும்போல நானும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

மில் ஓடியவரை ஊரின் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். சொம்பில் தண்ணீர் வைத்தால் மேலே வட்டம் வட்டமாக நடுங்கும். அம்மா வேலை முடிந்து வரும்போது புருவத்தில், இமையில், காதோரத்து மயிரில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கன்னத்தைத் தொட்டால் மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த ஒரு வாசனை. எங்களுக்கு அதுதான் அம்மா வாசனை. விளையாட, நூல் சுற்றும் மரப் பாபின்கள். நுனியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பெயிண்ட் அடித்திருக்கும், எந்த நூலுக்கு எது என்று தெரிவதற்காக. நாங்கள் அவற்றைக் கல்யாணப் பெண், மாப்பிள்ளை, மாமியார் என்று பிரித்து வைத்திருந்தோம். மாமியார் எப்போதும் மஞ்சள். என்னிடம் கடைசியாக இருந்த ஒன்று எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. இன்றைக்கும் பழைய டப்பாக்களைத் திறக்கும்போது கை அதைத் தேடுகிறது.

ஹாலுக்குள் யாரும் வாயால் பேச முடியாது, அத்தனை சத்தம். அதனால் மில்காரர்களுக்கு ஒரு கை பாஷை உண்டு. விரலைச் சுழற்றினால் நூல் அறுந்தது. தோளைத் தட்டினால் மேஸ்திரி வருகிறார். உள்ளங்கையை வயிற்றில் வைத்தால் சாப்பாடு. வீட்டிலும் அப்பா அம்மா அப்படித்தான் பாதி பேச்சைப் பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் பேச எங்களுக்கு அது ரொம்ப உதவியது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் மில் நின்றது. பஞ்சு விலை என்றார்கள், கரண்ட் வெட்டு என்றார்கள், பங்காளிச் சண்டை என்றும் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது குழந்தைகள் அழுததுதான். லைன் வீடுகளில் தூளியில் கிடந்த கைக்குழந்தைகளெல்லாம் அந்தக் காலையில் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழுதன. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவை அவை. சத்தம் நின்றதும் பயந்துபோய்விட்டன.

அப்பா மறுநாளும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மில் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தார். மாசி போய்ப் பங்குனி வந்தது. மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக வேறு வழி பார்த்தார்கள். பெயிண்ட் அடிக்கப் போனார்கள், கல்குவாரிக்குப் போனார்கள். அப்பா மட்டும் அந்தக் கல்லை விடவில்லை.

"தொறப்பான். சங்கு ஊதறப்போ நான் அங்க இல்லன்னா எப்டி?" என்பார்.

அம்மா காத்திருக்கவில்லை. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போனாள். அடுத்த வீட்டு ரீலிங் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கலாம். வாய் ஏழு ஊருக்குக் கேட்கும். அவர்களைப் பார்த்து இன்னும் பல பெண்கள். கொஞ்ச நாளில் காலை வண்டியில் லைன் பெண்களில் பாதிப்பேர் பட்டணம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிட ரோஷம், ஆனால் உடம்பு வணங்காது, மேஸ்திரி என்கிற கெத்து இன்னும் இறங்கவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. ரீலிங் அக்கா ஒருமுறை கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்க அவரைக் கையோடு கூட்டிப் போனாள். உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ரயிலேறி வந்து மறுபடி அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். கையாலும் பேசவில்லை. தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள்.

இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன். ஸ்டேஷன் என்று சொல்வதே அதிகம். அது மில்லுக்காக விட்ட ஒரு நிறுத்தம். மீட்டர் கேஜ் தண்டவாளம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு மண் மேடு. மில் ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி நிற்கும். டிக்கெட் கொடுக்க ரயில்வே ஆள் கிடையாது. கமிஷனுக்கு ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர், வெள்ளைச் சட்டை கசங்காதவர். டிக்கெட் சார் என்போம். அவர் கொடுக்கிற அட்டை டிக்கெட் கெட்டியாக, மூக்கில் வைத்தால் பிஸ்கட் டப்பா வாசனை அடிக்கும்.

மேட்டைப் பராமரித்தது மில்தான். மில் மூடியதும் அதைக் கேட்பாரில்லை. ஏற்கெனவே ஐப்பசி மழையில் பாதி கரைந்திருந்தது. பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, பின்னால் இருப்பவள் தள்ளிவிட்டால்தான் வண்டியில் ஏற முடியும். ஒருநாள் ஒரு கர்ப்பிணி கால் வழுக்கி விழுந்தாள். நல்லவேளை, அடி பலமில்லை. அதற்கடுத்த வாரம் டிக்கெட் சார் சாயங்கால வண்டியில் இறங்கிய பெண்களை நிறுத்தினார்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. கோபப்படாதீங்க. புது டைம்டேபிள்ல இந்த ஸ்டாப்ப எடுத்துடப் போறாங்க. மேடு கரைஞ்சுபோச்சு, ஆபத்துன்னு ஆபீசர் சொல்லிட்டார். மில் ஓடினா மில்லு சரிபண்ணும். இப்ப யார் பண்ணுவாங்கன்னு கேக்கறார்."

ஸ்டாப் போனால் ஏரியைச் சுற்றி ஜி.எஸ்.டி. ரோடு வரை நடக்க வேண்டும், அங்கிருந்து தாம்பரத்துக்கு பஸ், அப்புறம் ரயில். கோழி கூவுமுன் கிளம்பினாலும் கம்பெனி கேட் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது. வேலை போய்விடும். மில் போன ஊரில் ரயிலும் போனால் ஊரே போய்விடும்.

அம்மாதான் கேட்டாள். "மேடு சரியா இருந்தா வண்டி நிக்குமா சார்?"

"நிக்கும்னு நான் சொல்ல முடியாதும்மா. ஆனா நிறுத்தறதுக்கு அவர் சொல்ற காரணம் போயிடும்."

"சார், எவ்ளோ ஒயரம் வேணும்?"

டிக்கெட் சார் தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மில்லின் பின்சுவரை ஒட்டி மலைபோலக் கிடந்ததைப் பார்த்தாள். பாய்லர் சாம்பல். எத்தனையோ வருடங்களாக நிலக்கரி எரித்துக் கொட்டியது. வெறும் சாம்பல் இல்லை, எரிந்து உருகிக் கல்லாய்ப்போன கரிக்கட்டிகள். மழையில் கரையாது, மிதித்தால் இறுகும்.

அப்படித்தான் அந்தக் கோடை தொடங்கியது. எங்களுக்குப் பெரிய லீவு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும், மற்ற நாட்களில் சாயங்கால வண்டி வந்தபிறகு இருட்டும் வரையும் வேலை. பகலில் வீட்டிலிருந்த பெண்களும் பிள்ளைகளும் சுமந்தோம். முதல் நாளே மில் வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார்.

"கம்பெனி சொத்து! தொடக்கூடாது! பர்மிஷன் வாங்கிகினு வாங்க!"

ரீலிங் அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி அவர் முன்னால் போய் நின்றாள். "மில்லப் பூட்டிட்டீங்க, சரி. மெஷினப் பூட்டிட்டீங்க, சரி. சாம்பலக் கூடவா பூட்டி வெப்பீங்க? எங்க கீது பூட்டு? காட்டுங்க பாக்கலாம்!"

"நீ ரொம்பப் பேசாத. நான் மேல சொல்லிடுவேன்."

"மேல யாருண்ணா கீறாங்க? காக்காதான் கீது."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் தடியை ஓங்கியபடி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் தலையில் கூடையோடு அவர் சம்சாரம் நின்றிருந்தார். இவர் பார்த்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதய்யா, போய்க் கஞ்சி குடி, மூடி வெச்சிருக்கேன்" என்றார். வாட்ச்மேன் தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அக்னி நட்சத்திர வெயில். சாம்பல் மேடு காலையிலேயே சூடேறிவிடும். செருப்பில்லாத கால்களுக்குச் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டோம். கரித்தூள் மூக்குக்குள் போய், சளி கறுப்பாக வரும். எங்களைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை எது என்று தெரியாது, பல் மட்டும்தான் வெள்ளை. சாயங்காலம் ஏரியில் இறங்கினால் தண்ணீர் எங்களைச் சுற்றி மைபோலப் பரவும். கல்குவாரிக்குப் போன ஆண்கள் உடைகல்லை மாட்டு வண்டியில் கொண்டுவந்து ஓரத்துக்கு வரிசையாக அடுக்கினார்கள். மில் தொழிலாளர் சங்கத் தலைவர் மட்டும் வந்து, "மில்லு தொறக்கணும்னு போராடறோம். நீங்க வேற வேலைக்குப் போக ரோடு போட்டுகினு கீறீங்க. இது துரோகம்" என்று சத்தம் போட்டார். அம்மா அவரிடம் ஒரு கூடையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

அப்பாவும் வரவில்லை. தண்டவாளம் வழியாகவே தினமும் மில் கேட்டுக்கு நடந்து போவார். நாங்கள் சுமப்பதைப் பார்ப்பார், நிற்க மாட்டார். ஊரே வேர்த்துக் கொட்டும்போது அவர் வெளுத்த சட்டையோடு கையை வீசிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

அப்படிப் போன ஒரு நாள்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மா மேட்டின் மேல் நின்று கொட்டிய சாம்பலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் சாம்பல் மலையில் கூடை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா தண்டவாளத்தின் நடுவில், கட்டைக்குக் கட்டை காலெடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் செங்கல்பட்டுப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி வளைவில் திரும்பியது.

டிரைவர் ஹார்ன் அடித்தார். அப்பா நகரவில்லை. மறுபடி நீளமாக அடித்தார். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. அப்பா அதே நடையில் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது.

"யோவ்! யோவ்!" என்று அம்மா மேட்டிலிருந்து கத்தினாள். ரீலிங் அக்கா கத்தினாள். எல்லோரும் கத்தினார்கள். "நைனா!" என்று நான் கத்தியதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

என் கையில் ஒரு கரிக்கட்டி இருந்தது. அடுத்த ஊர்த் தோப்பில் மாங்காய் அடித்துப் பழகிய கை. எறிந்தேன். அது அவர் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் போய் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஒரு பொட்டு. அப்பா கோபத்தோடு திரும்பினார். என்னைத்தான் பார்க்கத் திரும்பினார். வண்டியைப் பார்த்தார். பக்கத்து ஆவாரம் புதருக்குள் பாய்ந்தார்.

எங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாகப் போனது. முடிவே இல்லாததுபோல இருந்தது. சக்கரங்களுக்கு நடுவில் அந்தப் பக்கம் அம்மாவின் கால்கள் அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. கடைசிப் பெட்டி போனதும் அவள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பா முன்னால் நின்று, மூச்சிரைக்க, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரோடு பேசினாள். கையால் பேசினாள். காதைத் தொட்டு, விரலை விரித்தாள். கேட்கவில்லையா?

அப்பா புதரிலேயே உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம். தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி கேட்டாள். அப்போது அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு காதுகளையும் மூடிக் காட்டினார்.

எப்போதிருந்து என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்று கையைத் தோளுக்குப் பின்னால் வீசினார்.

பிறகு அவர் கை நிற்கவே இல்லை. கிண்டிக் கம்பெனியில் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள், இவர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருட அனுபவம் என்றதற்கு, பிள்ளை ஒன்று என்றிருக்கிறார். உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஹாலுக்குள் யாருக்குமே எதுவும் கேட்காது, அதனால் அங்கே அவர் எல்லோரையும்போல ஒருவர். மேஸ்திரி. வெளியே வந்தால் செவிடன். மில் கேட்டில் உட்கார்ந்ததுகூட அதனால்தான். வீட்டிலிருந்தால் சங்கு ஊதுவது அவருக்குத் தெரியாது.

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. நான் பேசும்போதெல்லாம் அப்பா என் முகவாயைத் தொட்டுத் தூக்கி, "மூஞ்சப் பாத்துப் பேசு" என்பார். கண்டிப்பான அப்பா என்று நினைத்திருந்தேன். என் உதட்டைப் படித்திருக்கிறார். ரோஷக்காரர், சோம்பேறி, கெத்துப் பிடித்தவர் என்று ஊரே முத்திரை குத்தியிருந்தது. ஒரே படுக்கையில் படுத்த அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் அத்தனை நன்றாக மறைத்திருந்தார்.

அம்மா அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். முந்தானையைக் கிழித்து முழங்கையில் கட்டினாள். அப்புறம் வாயால், தன் உதட்டை அவர் படிக்கும்படி மெதுவாகச் சொன்னாள். "லூசு மனுசா. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

அன்று அப்பா மில் கேட்டுக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். அதுவரை நாங்கள் கண்டபடி கொட்டிக்கொண்டிருந்தோம், இங்கே குவியல், அங்கே பள்ளம். அப்பா நடுவில் நின்று கையைத் தூக்கினார். மில்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கை பழக்கம். இங்கே கொட்டு, அங்கே தட்டு, நீ நில், நீ வா. யாரும் கத்தவில்லை. நூற்பு ஹாலில் ஷிப்டு ஓடுவதுபோல அவ்வளவு பெரிய கூட்டம் சத்தமே இல்லாமல் வேலை செய்தது. டிக்கெட் சார் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "சர்ச்சுல கொயருக்குக் கூட இப்படி யாரும் கை பார்த்துப் பாட மாட்டாங்க" என்றார்.

ஆனி பிறந்து சில நாளில் மேடு முடிந்தது. மேலே ஏரிக்கரைச் செம்மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிள்ளைகளெல்லாம் வரிசையாகக் கைகோத்து மிதித்தோம். ஓரத்தில் கல் வரிசை. தண்டவாளத்தை ஒட்டி நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. டிக்கெட் சார் தாம்பரம் போய் ஆபீசரிடம் ஒருமுறை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஆபீசர் ஒரு சனிக்கிழமை காலை வண்டியில் வந்தார். ஷூ, தொப்பி, கையில் குடை. வண்டியிலிருந்து அவர் கீழே பார்க்காமலே காலை எடுத்து வைத்தார், கால் மேட்டில் பட்டது. அவர் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்த்தேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். ஷூவால் உதைத்துப் பார்த்தார். குடைக் கம்பியால் குத்திப் பார்த்தார்.

"ஹூ இஸ் தி காண்ட்ராக்டர்?" என்றார்.

டிக்கெட் சார் எங்களையெல்லாம் சுற்றிக் கையைக் காட்டினார். "இவங்கதான் சார்."

ஆபீசர் நம்பவில்லை, போன வாரம் நீங்கள் நம்பாத மாதிரியே. "மில்லே மூடிட்டாங்க. இனிமே இங்க ட்ரெயின் யாருக்கும்மா?"

"மில்லத்தான் சார் மூடினாங்க" என்றாள் அம்மா. "நாங்க எல்லாம் தொறந்துதான் கீறோம்."

"அது சரி. இது ஸ்ட்ராங்கா இருக்குமா? ஒரே நேரத்துல எல்லாரும் ஏறினா சரிஞ்சா என்ன பண்றது?"

ரீலிங் அக்கா விடவில்லை. "குதிச்சுக் காட்டட்டுமா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் அப்பாவைப் பார்த்துக் கை காட்டினாள். அப்பா மேட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். பெண்கள், பிள்ளைகள், கல்குவாரிக்காரர்கள், வாட்ச்மேன் சம்சாரம், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள்கூட மேட்டில் ஏறி வரிசையாக நின்றோம். அப்பா கையை இறக்கினார். ஊரே ஒன்றாகக் குதித்தது. மறுபடி குதித்தது. கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. டிக்கெட் சாரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. மேட்டிலிருந்து ஒரு கல் உருளவில்லை.

ஆபீசர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "போதும், போதும். என்னையும் சேத்து ரயில்ல அனுப்பிடுவீங்க போலிருக்கு" என்றார். ஆனால் நிற்கும் என்றோ நிற்காது என்றோ சொல்லவில்லை. மேலே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது டைம்டேபிள் அமலாகிற நாள் வந்தது. டிக்கெட் சாருக்கு ஒரு தகவலும் வரவில்லை. அவர் கைக்கு டிக்கெட் கட்டும் வரவில்லை. ஆனாலும் கொட்டகையைத் திறந்து, துடைத்து உட்கார்ந்தார். வேலைக்குப் போகிறவர்கள் டிபன் தூக்கோடு மேட்டில் நின்றார்கள். போகாதவர்களும் வந்து நின்றார்கள். சங்கத் தலைவர்கூடத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

வளைவில் வண்டியின் முகம் தெரிந்தது. வேகம் குறைந்த மாதிரி தெரியவில்லை. யாரோ, "போச்சு" என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. வண்டி கொட்டகையைத் தாண்டியது. முதல் பெட்டி தாண்டியது. அப்போதுதான் சக்கரங்களின் சத்தம் மாறியது, சூடான இரும்பின் வாசனை வந்தது. இழுத்து, முனகி, கடைசிப் பெட்டி மேட்டுக்குள் இருக்கும்படி வண்டி நின்றது.

யாரும் அசையவில்லை. அவ்வளவு தூரம் ஆசைப்பட்டது நடந்தால் உடனே காலெடுத்து வைக்கத் தோன்றாது போலிருக்கிறது. டிரைவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏறுங்கம்மா! இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க? எனக்கு டைம் ஆவுது!"

அப்புறம் எழுந்த ஆரவாரத்தை என்னால் எழுத முடியாது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகாமல், யார் கையையும் பிடிக்காமல், அடுத்த அறைக்குப் போவதுபோல வண்டிக்குள் நடந்தாள். அப்பாவுக்கு அந்த ஆரவாரம் கேட்டிருக்காது. ஆனால் அவர் கால் கட்டைவிரலால் மேட்டைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அத்தனை பேர் குதித்ததும் கத்தியதும் அதன் வழியாக அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் அம்மா அவரைத் தன்னோடு ரயிலேற்றிக் கிண்டிக்குக் கூட்டிப் போனாள். இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப். சூப்பர்வைசரிடம் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டாளாம். "இவருக்குக் காது கேக்காது சார். சத்தமில்லாத எடத்துலதான் அது கொற. இங்க யாருக்குக் கேக்குது?" சூப்பர்வைசர் காதில் கைவைத்து, "என்ன சொன்னீங்க?" என்றாராம். அம்மா சிரித்த சிரிப்பில் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ரிடையராகும்வரை அங்கேதான் இருந்தார், அங்கேயும் மேஸ்திரியாகத்தான். மில் திறக்கவே இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த வருடம் தை மாதம் என்று நினைவு. சாயங்கால வண்டி வந்து நின்றது. அப்பா, அம்மா, ரீலிங் அக்கா எல்லோரும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்களுக்குத் தெரியாத ஒரு பெண் இறங்கினாள். தகரப் பெட்டி, தோளில் பை, இடுப்பில் குழந்தை. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். எங்கள் ஸ்டாப்பில் எங்களைச் சேராத ஒருவர் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டோம்.

"ஸ்டேஷனுக்குக் கிட்டவே இருக்கற ஊரா பாத்துக்கிட்டு வந்தேங்க்கா" என்றாள் அம்மாவிடம். "இங்க வாடகைக்கு வீடு கிடைக்குமா?"

"கெடைக்கும். மில்லு லைன்லயே காலி வூடு கீதே" என்றாள் ரீலிங் அக்கா.

அந்தப் பெண் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சுற்றிலும் பார்த்தாள்.

"மில்லா? எந்த மில்லு?"

மில் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் எங்கள் ஊரை ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். ரயில் நிற்கிற ஊர் என்று தேடி வந்திருக்கிறார். அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அக்கா. பிறகு கொட்டகைக்குள் டிக்கெட் சார். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன என்று அம்மாவிடம் கையால் கேட்டார். அம்மா கையாலேயே முழுவதும் சொன்னாள்.

அப்பா குனிந்து அந்தப் பெண்ணின் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வாம்மா" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில். "எங்க ஊருக்கு வா."